தெய்வநாயகியின் முழங்கை

"தெய்வநாயகி வந்துட்டா! ஏய் ஜெபா, தெய்வநாயகி வந்துட்டா!"

சஹானா தெருவில் கத்திக்கொண்டு ஓடினாள். அப்போது ஜெபா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு வாசலுக்குப் பாய்ந்தாள். ஆனால் உடனே வெளியே போய்விட முடியுமா? கதவு திறக்க வேண்டுமே!

ஜெபா வீட்டுக் கதவைத் திறப்பது லேசான வேலை இல்லை. போன வருட மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அதில் ஊறிப்போன கதவு, ஒரு பக்கம் தொங்கிவிட்டது. அன்றிலிருந்து தாழ்ப்பாளை இழுத்தால் வராது. முக்கி முக்கி இழுத்தாலும் வராது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு துளி மேலே தூக்க வேண்டும். ரொம்பத் தூக்கினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். சரியாகத் தூக்கினால் தாழ்ப்பாள் 'சர்க்' என்று தானாக வந்துவிடும்.

அந்த வீட்டில் இதை ஒரே தடவையில் செய்கிறவள் ஜெபா மட்டும்தான். அவள் அப்பா ஸ்டான்லி கல்பாக்கத்தில் எலக்ட்ரீஷியன். எப்படிப்பட்ட மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். இந்தக் கதவிடம் மட்டும் தினமும் காலையில் தோற்றுப்போய், "ஜெபா, கொஞ்சம் வாம்மா" என்று கூப்பிடுவார்.

'சர்க்!'

ஜெபா வெளியே ஓடினாள்.

தெரு முனையில் மஞ்சள் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரு ஜேசிபி. அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'தெய்வநாயகி' என்று எழுதியிருந்தது. வண்டி ஓட்டும் சீனுவுடைய அம்மாவின் பெயர் அது. ஆயுத பூஜைக்கு வண்டியை அப்படி ஜோடித்திருந்தான். குங்குமம் மழையில் கரைந்துவிடும் என்று, சிவப்புப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு வண்டி முழுக்கப் பொட்டு வைத்திருந்தான். பின்பக்கம் இருந்த நீளமான கையில் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, அங்கிருந்து மண் அள்ளும் பக்கெட் வரைக்கும் வரிசையாகப் பொட்டுகள். கல்யாணப் பெண்கூட இவ்வளவு பொட்டு வைத்துக்கொள்ள மாட்டாள்.

"சீனு அண்ணா, இன்னிக்கே முடிச்சிடுவீங்களா?" என்று ஜெபா கேட்டாள்.

"இன்னா பாப்பா இப்பிடி கேட்டுட்ட? சாயங்காலத்துக்குள்ள உங்க கால்வாயை ரோடு மாதிரி ஆக்கிடுவா எங்கம்மா!"

ஜெபாவுக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இது விளையாட்டு இல்லை.

படாளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவை ஒட்டி ஒரு கால்வாய் ஓடியது. ஓடியது என்று சொல்வதே தப்பு. ஏரியில் நிறைந்து வழியும் தண்ணீர் அது வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் மண்ணும், இடிந்த சிமெண்டுத் துண்டுகளும், ஆகாயத்தாமரையும் குவிந்து வழியை அடைத்துவிட்டன. அதனால் தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்துவிடும். தெருவிலேயே தாழ்வான வீடு ஜெபாவுடையது. தண்ணீர் முதலில் விசாரிக்க வருவது அங்கேதான்.

போன வருடம் அவள் புத்தகப் பை கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து வெளியே வந்தது. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். அப்போது ஜெபா அழவில்லை. ஆனால் இப்போது வீட்டில் தூளி கட்டியிருந்தது. அதில் அவள் தம்பி தூங்கினான். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி. அவனுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அம்மா ஜெசிந்தாவால் குனிந்து ஒரு குடத்தைக்கூடத் தூக்க முடியாது.

"இந்த வருஷம் தண்ணி உள்ள வரவே கூடாது" என்று ஜெபா தினமும் தம்பியிடம் சொல்லி வந்தாள். அவனும் விரலைச் சப்பிக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

மழை இன்று சாயங்காலம் பலமாக இருக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். பஞ்சாயத்தில் கேட்டுக் கேட்டு இந்த ஒருநாளைக்குத்தான் வண்டி கிடைத்தது. நாளை அது வேறு ஊருக்குப் போய்விடும்.

தெய்வநாயகி வேலையைத் தொடங்கினாள். கையை நீட்டி ஆகாயத்தாமரையைக் கொத்தாக வாரினாள். மண்ணைத் தோண்டிக் கரையில் கொட்டினாள். சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் எல்லாரும் பாலத்துக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பத்து மணிக்குள் கால்வாயின் பெரும்பகுதி சுத்தமாகிவிட்டது. மிச்சம் இருந்தது பாலத்தடி மேடு மட்டும்தான்.

அப்போதுதான் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

கையின் மேல் இருந்த ஒரு இரும்புக் குழாயிலிருந்து எண்ணெய் பீச்சி அடித்தது. முழங்கைக்குக் கீழே இருந்த பகுதி வலுவில்லாமல் தொங்கியது. பக்கெட் கரையில் 'தொப்' என்று உட்கார்ந்தது.

சீனு இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். எண்ணெய் வழிவதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றாள் சஹானா.

"சிலிண்டர் பூட்ச்சி. டாக்டர் ஊசி போடுவார்ல, அந்த மாதிரிதான் இது. உள்ள எண்ணெய் தள்ளுனா தண்டு நீளும், கை மடங்கும். இப்ப உள்ள இருக்கிற ரப்பர் சீல் கிழிஞ்சிடுச்சி. எண்ணெய் பூரா வெளிய வந்துகினு கீது."

"சரியாயிடுமா?"

சீனு உதட்டைப் பிதுக்கினான். போனை எடுத்துக் கருங்குழியில் இருக்கும் மெக்கானிக் ஞானதாசைக் கூப்பிட்டான்.

ஞானதாஸ் பைக்கில் வந்தார். தோள்கள் அகலம். மீசையும் அகலம். பேச்சு மட்டும் குறைவு. வந்ததும் முதல் வேலையாகக் கையைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டினார்.

"கயித்துக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ள வரக்கூடாது. மேல இருக்கிறது இரும்பு. உழுந்தா யாரு எவருன்னு பாக்காது."

பிள்ளைகள் பாலத்துக் கட்டைக்குத் திரும்பிப் போனார்கள்.

"சீல் வாங்கியாந்துட்டேன்" என்று சீனுவிடம் சொன்னார் ஞானதாஸ். "மாத்துறது ஒரு மணி நேர வேலை. ஆனா சிலிண்டரைக் கழட்டணும். அதுக்கு இந்தப் பின்னு வெளிய வரணும்."

பின் என்றதும் சட்டையில் குத்தும் ஊக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இது சின்ன உலக்கைத் துண்டு போல இருந்தது. சிலிண்டரின் தண்டையும் தெய்வநாயகியின் முழங்கையையும் சேர்த்துப் பிடித்திருந்தது அதுதான். பின்னைப் பிடித்திருந்த போல்ட்டை ஞானதாஸ் முதலில் கழற்றினார். பக்கெட்டுக்கு அடியில் மண்ணில் ஒரு மரக்கட்டையைத் திணித்தார். பிறகு பின்னின் ஒரு முனையில் குட்டையான இரும்புத் தண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்.

டங்!

பின் அசையவில்லை.

டங்! டங்! டங்!

"மெதுவாண்ணா" என்றான் சீனு. "அம்மா மேல இப்பிடி அடிச்சா..."

"உங்கம்மாவை நீ வூட்டுக்கு இட்டுனு போ. நான் என் வேலையப் பாத்துனு போறேன்" என்றார் ஞானதாஸ்.

சீனு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றான்.

ஞானதாஸ் பின்னைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். மறுபடி அடித்தார். மறுபக்கம் போய் அடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின் மட்டும் அப்படியே இருந்தது.

மத்தியானம் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெசிந்தா, இங்க கல்பாக்கத்துல மழை புடிச்சிக்கிச்சு. மாமல்லபுரம் பக்கமெல்லாம் இருட்டிக்கினு கீதாம். கால்வாய் வேலை முடிஞ்சிதா?"

அம்மா ஜெபாவைப் பார்த்தாள். ஜெபா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"கடல் பக்கம் பெய்ஞ்சா கொஞ்ச நேரத்துல அங்கயும் வந்துடும். நான் பர்மிஷன் போட்டுட்டுக் கெளம்பறேன். நீ பாத்திரம் கீத்திரம் எதையும் தூக்காதே."

போனை வைத்த பிறகு அம்மா மெல்ல எழுந்து தம்பியின் துணிகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதற்கான பை அது. ஜெபாவுக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தது.

"அம்மா, பையைக் கட்டாதம்மா. நான் போயிப் பாத்துட்டு வரேன்."

"நீ பாத்து இன்னாடி பண்ணப் போற?"

"தெரியல. ஆனா பையைக் கட்டாத."

வேகமாக வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. அவசரத்தில் கதவைத் தூக்க மறந்துவிட்டாள். தூக்கினாள். 'சர்க்.'

திறந்த கதவுக்கு நடுவில் ஜெபா அப்படியே நின்றாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். ஒரு தடவை உள்ளே தள்ளி, மறுபடி தூக்காமல் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. தூக்கி இழுத்தாள். வந்தது.

தாழ்ப்பாளில் ஒரு குறையும் இல்லை. கதவின் பாரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஜெபா கால்வாய்க்கு ஓடினாள்.

அங்கே ஞானதாஸ் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

"இது இங்க ஆவாது, சீனு. செங்கல்பட்டுக்குத்தான் இட்டுனு போவணும். அங்க மெஷின்ல வச்சி அமுக்கி எடுப்பாங்க. நாளைக்கோ திங்கக்கிழமையோ."

"பேஜாருண்ணா இது! இன்னிக்கு மழை வருதுண்ணா!"

"அதை மழைகிட்ட சொல்லு."

ஜெபா கயிற்றுக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டாள். "மாமா!"

ஞானதாஸ் திரும்பினார். "இன்னா?"

"மாமா, கையோட பாரம் அந்தப் பின்னு மேல உக்காந்திருந்தா அது வருமா?"

"வராது" என்றார் அவர். "அதுக்குத்தான் பக்கெட்டைத் தரையில உக்கார வச்சி, கட்டையும் குடுத்துக்கீறேன். பாரம் பூரா கட்டை மேல கீது. போ பாப்பா, போயி ஆடு."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஜெபாவின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் பாலத்துக் கட்டையில் போய் சஹானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி சொன்னாரு?"

"எல்லாம் சரியா வச்சிருக்காராம்."

"எங்க வச்சிக்கீறாரு?" சஹானா எட்டிப் பார்த்தாள். "ஐயையே, அங்கயா? அங்கதானே என் புதுச் செருப்பு போச்சு! காலை வச்சேன், முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சி. காலை எடுத்துட்டேன். செருப்பு இன்னும் அங்கயேதான் கீது."

ஜெபா சட்டென்று எழுந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில் சீனு வைத்த சிவப்புப் பொட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பக்கெட் தொப்பென்று விழுந்தபோது மூன்று பொட்டுகள் மண்ணுக்கு மேலே தெரிந்தன. வேறு வேலை இல்லாமல் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது இரண்டுதான் தெரிந்தன.

"மாமா!" ஜெபா மறுபடி கயிற்றுக்கு ஓடினாள்.

ஞானதாஸ் கருவிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "மறுபடியுமா?"

"மாமா, பக்கெட் கீழ எறங்குது. காலையில மூணு பொட்டு தெரிஞ்சிது. இப்ப ரெண்டுதான் கீது. கட்டையையும் சேத்து உள்ள அமுக்குது. அது சேறு மாமா. மேலதான் காய்ஞ்ச மாதிரி கீது."

"மண்ணு தெறிச்சிப் பொட்டு மறைஞ்சிருக்கும்."

"சரி, அப்ப ஒரே ஒரு அடி அடிங்க. அந்த ரெண்டாவது பொட்டைப் பாத்துகினே அடிங்க. அது அசையலன்னா நான் போயிடறேன்."

ஞானதாஸ் அவளை முறைத்தார். ஜெபா நகரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு அடிதானேண்ணா" என்றான் சீனு.

ஞானதாஸ் சம்மட்டியை எடுத்தார். சீனு எட்ட நின்று பொட்டையே பார்த்தான்.

டங்!

"ஐயோ!" என்றான் சீனு. "எறங்குச்சிண்ணா!"

"இன்னொரு வாட்டி பாரு."

டங்! பொட்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் இருந்த விரல் இடைவெளி பாதியாகிவிட்டது.

ஞானதாஸ் சம்மட்டியைச் சாய்த்து வைத்தார். மீசையைத் தடவினார்.

"நான் அடிக்க அடிக்க இது உள்ள போயிக்கினே கீது. உள்ள போவப் போவ பாரம் பின்னைப் புடிச்சி இழுக்குது. காலையிலேர்ந்து நானே அதை இறுக்கினு இருந்துக்கீறேன்." அவர் ஜெபாவிடம் திரும்பினார். "உனக்கு எப்பிடிம்மா தோணுச்சி?"

"எங்க வூட்டுக் கதவு மாமா. தூக்குனாத்தான் தாழ்ப்பாள் வரும். ரொம்பத் தூக்குனாலும் வராது."

ஞானதாஸ் முதல் தடவையாகச் சிரித்தார். பற்களும் அகலமாகத்தான் இருந்தன.

"ஜாக்கி வச்சித் தூக்கலாம். ஆனா ஜாக்கியும் இந்தச் சேத்துல முழுகிடும். அடியில வைக்க அகலமா, கெட்டியா ஏதாவது வேணும். பலகை பத்தாது. கல்லு வேணும்."

தெருவில் அப்படிப்பட்ட கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரபாவதி அத்தையின் துணி துவைக்கும் கல். மாமல்லபுரத்தில் சிலை செய்கிற பட்டறை ஒன்றிலிருந்து வாங்கி வந்த கருங்கல் பலகை. அது அத்தைக்கு உயிர். வேறு யாராவது அதில் ஒரு கைக்குட்டையைத் துவைத்தால்கூட அத்தைக்குத் தெரிந்துவிடும்.

"என் கல்லையா?" பிரபாவதி அத்தை இடுப்பில் கை வைத்தாள். "சேத்துல போட்டு, அது மேல ஜாக்கியை வக்கிறதுக்கா? நல்லாக் கீதே கதை!"

"கல்லை நானே கழுவிக் கொண்டாந்து போடறேன் அத்தை."

"கீறல் உழுந்தா?"

ஜெபா யோசித்தாள். "அத்தை, கால்வாய் தொறக்கலன்னா ராத்திரிக்குத் தண்ணி வந்துடும். அப்ப கல்லு தண்ணிக்கு அடியிலதான் கெடக்கும். கீறல் கீதா இல்லையான்னு எப்பிடிப் பாப்பீங்க?"

பிரபாவதி அத்தை வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கல்லைப் பார்த்தாள். பிறகு ஜெபாவின் வீட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளேயிருந்து தம்பி அழுகிற சத்தம் கேட்டது.

"பச்ச புள்ள..." என்று முணுமுணுத்தாள். உடனே குரலை உயர்த்தினாள். "சும்மா நின்னா கல்லு நடந்து வருமா? புடிங்க எல்லாரும்!"

கல் நடந்து வரவில்லை. ஆனால் உருண்டு வந்தது. அத்தை வீட்டுப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் பிள்ளைகள் கொண்டுவந்து தரையில் போட்டார்கள். சீனுவும் இன்னும் இரண்டு பேரும் கல்லை நெம்பி அவற்றின் மேல் ஏற்றினார்கள். பெரியவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். பின்பக்கம் வெளியே வந்த குழாயை எடுத்து முன்பக்கம் போட சஹானாவும் ஜெபாவும் ஓடி ஓடி உழைத்தார்கள். "பாத்து, பாத்து, முனை உடையப் போவுது" என்று அத்தை கூடவே நடந்து வந்தாள், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிற மாதிரி.

கயிறு வரைக்கும் வந்ததும் ஞானதாஸ் பிள்ளைகளை நிறுத்திவிட்டார். கல்லைப் பெரியவர்கள் சேற்றின் மேல் கிடத்தினார்கள். அதன் மேல் ஜாக்கி நின்றது. ஜாக்கி மேலே முன்கை.

ஞானதாஸ் ஜாக்கியின் கம்பியை மெல்ல அழுத்தினார். கல் கொஞ்சம் அமுங்கிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினார். மூழ்கிப்போயிருந்த பொட்டு சேற்றிலிருந்து பாதி முகத்தைக் காட்டியது.

"வந்துட்டா!" என்று சீனு கத்தினான்.

ஞானதாஸ் அடித்தார். டங்! பின் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தூக்கினார். டங்! அசையவில்லை. மறுபடி தூக்கினார். டங்! அப்போதும் அசையவில்லை.

முதல் மழைத்துளி ஜெபாவின் மூக்கில் விழுந்தது.

"இன்னும் தூக்குண்ணா!" என்றான் சீனு.

"வேணாம் மாமா!" ஜெபா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ரொம்பத் தூக்கிட்டீங்க! கொஞ்சம் எறக்குங்க! எங்க கதவை ஆட்டி ஆட்டித்தான் தூக்குவேன். ஆடற எடத்துல விடும்!"

ஞானதாஸ் ஜாக்கியைத் துளி இறக்கினார். பெரிய ஸ்பானரைப் பின்னின் தலையில் மாட்டித் திருகிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் ஒரு துளி இறக்கினார். திருகினார்.

'க்ரீச்.'

பின் சுழன்றது. ஒரு விரல் அகலம்தான் சுழன்றது. ஆனால் சுழன்றது!

ஞானதாஸ் சம்மட்டியை எடுத்தார்.

சத்தம் இப்போது வேறு மாதிரி இருந்தது. டொக். டொக். மறுபக்கம் பின்னின் முனை துருவோடு எட்டிப் பார்த்தது. டொக். டொக். ஒரு சாண் வெளியே வந்தது. சீனு இரண்டு கையாலும் பிடித்து உருவி எடுத்தான்.

தெருவே கைதட்டியது. பிரபாவதி அத்தை மட்டும் கைதட்டாமல், "கல்லுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்று எட்டிப் பார்த்தாள்.

ஞானதாஸ் பின்னைத் துணியால் துடைத்தார். அவர் முகம் மாறியது.

"சீனு, இங்க வா. இதுல கிரீஸ் எங்க? சுண்ணாம்பு மாதிரி காய்ஞ்சி கெடக்கு. நீ கிரீஸே அடிக்கிறது இல்லையா?"

"அடிப்பேண்ணா! தினம் அடிப்பேன். எல்லாத்துக்கும் அடிப்பேன். அது வந்து..." சீனு தலையைச் சொறிந்தான். "இந்த முழங்கைக்கு மட்டும்..."

ஞானதாஸ் முழங்கையில் இருந்த சிவப்புப் பொட்டைத் திருப்புளியால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன இரும்புக் குமிழ் வெளிப்பட்டது. கிரீஸ் உள்ளே போகும் வழியே அதுதான்.

"பொட்டு வச்ச எடத்துல எப்பிடிண்ணா சுரண்டுறது?" என்றான் சீனு பரிதாபமாக. "அம்மாவாச்சே!"

"அம்மாவுக்கு நெத்தியில பொட்டு வையி. வாயில வப்பியா? இதுதான்டா அவ சாப்புடற வாயி! ஆயுத பூஜையிலேர்ந்து பட்டினி போட்டுக்கீற!"

சீனு உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் தூறல் கொஞ்சம் வலுத்தது.

வண்டி மேல் ஒரு தார்ப்பாயை விரித்துக் கட்டினார்கள். அதற்கு அடியில் ஞானதாஸ் சிலிண்டரைத் திறந்து, கிழிந்த சீலை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். பின்னைத் தேய்த்து, கிரீஸ் பூசி, மறுபடி உள்ளே அனுப்பினார். இந்தத் தடவை அது கைப்பட்டதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்தக் குமிழில் சீனு கிரீஸ் அடித்தான். போதும் போதும் என்று இரண்டு பக்கமும் வழிகிற வரைக்கும் அடித்தான்.

இன்ஜின் உறுமியது. கை மடங்கியது, நீண்டது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை.

சீனு வண்டியைக் கொஞ்சம் பின்னால் கெட்டியான தரைக்கு நகர்த்தினான். மழை கொட்டத் தொடங்கியது. தெய்வநாயகி நனைந்துகொண்டே பாலத்தடி மேட்டைத் தோண்டினாள். சிமெண்டுத் துண்டுகள் வந்தன. மண் வந்தது. ஒரு பழைய சைக்கிள் டயர் வந்தது. கடைசியில், கறுப்புச் சேற்றோடு, ஒரு சின்ன ரோஸ் நிறச் செருப்பு வந்தது.

"என் செருப்பு!" என்று சஹானா குதித்தாள்.

அடுத்த வாரலில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. இவ்வளவு நாள் தேங்கிக் கிடந்த கலங்கல் தண்ணீர், பாலத்துக்கு அடியில் புகுந்து சலசலவென்று மறுபக்கம் ஓடியது.

ஜெபாவின் அப்பா தொப்பலாக நனைந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது தெருவில் அம்மாவையும் தம்பியையும் தவிர யாரும் வீட்டுக்குள் இல்லை. எல்லாரும் குடையும் சாக்குமாகப் பாலத்தில் நின்று தண்ணீர் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபாவும் சஹானாவும் கருங்கல்லைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பிரபாவதி அத்தை.

ஞானதாஸ் பெட்டியைப் பைக்கில் கட்டினார். ஸ்டான்லியிடம் வந்து, "உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஏதாவது தொந்தரவு பண்ணிட்டாளா?"

"பண்ணிச்சி. மூணு வாட்டி வந்து தொந்தரவு பண்ணிச்சி" என்றார் ஞானதாஸ். "நல்ல வேளையா ரெண்டோட நிறுத்தல."

சீனு போகும்போது ஹாரனை நீளமாக அடித்தான். தெய்வநாயகியின் நெற்றியில் இருந்த பொட்டு மழையில் பளபளத்தது. மற்ற இடத்துப் பொட்டுகளை நாளைக்கே சுரண்டிவிடுவதாக அவன் ஞானதாசிடம் சத்தியம் செய்திருந்தான். பக்கெட்டில் இருக்கிற மூன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார் அவர்.

மழை ராத்திரியும் விடாமல் பெய்தது. வாசலுக்கு வெளியே கால்வாய் இரைந்துகொண்டு ஓடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"சாரல் அடிக்குது, கதவைச் சாத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார். போகவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். மூச்சு வாங்கியது.

"ஜெபா, கொஞ்சம் வாம்மா."

ஜெபா வந்து கைப்பிடியை ஆட்டி ஆட்டி ஒரு துளி தூக்கினாள். 'சர்க்.'

பிறகு மூலையில் இருந்த பையைத் திறந்து, தம்பியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் வெறும் தரையில், தூளிக்கு நேர் கீழே, கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டாள். தரை நன்றாகக் காய்ந்திருந்தது.